‘ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டேன்’ என்பது போதாது: போக்சோ 19-ஆம் பிரிவு

18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், நடக்கும் என்று அச்சம் இருந்தாலும், காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின் சாரம் இதுதான். ஆசிரியர், நர்ஸ், விடுதிக் காப்பாளர் யாருக்கும் விலக்கில்லை.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் நடந்த போலி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாமில் மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கு நினைவிருக்கும். போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததற்காகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள்.

பல ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிர்வாகத்திடம் சொல்கிறார்கள். “நாங்க பாத்துக்கறோம் டீச்சர், ஸ்கூல் பேரு கெட்டுடும்” என்று பதில் வரும். அதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 21-ஆம் பிரிவுப்படி, தெரிவிக்காத உங்களுக்கு 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். மேலிடம் சொன்னதால் சும்மா இருந்தேன் என்றால் தப்பிக்க முடியாது. முதலில் போலீஸ், அப்புறம் தலைமையாசிரியருக்கு எழுத்தில் ஒரு வரி.

‘உள் விசாரணை முடியட்டும்’ என்பார்கள். பிள்ளை உங்களிடம் சொன்னதே போதும். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. ஹெச்.எம். அறையில் நாலைந்து பேர் நடுவே அந்தப் பிள்ளையை நிற்கவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அதைத் தடுங்கள். செல்போனில் வீடியோவும் எடுக்க விடாதீர்கள்.

ஸ்டேஷனில் “பெத்தவங்களைக் கூட்டிட்டு வாங்க” என்பார்கள். தேவையில்லை, யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். “இது எங்க லிமிட் இல்ல, ஓசூர் போங்க” என்றால், எல்லை தாண்டிய புகாரையும் அங்கேயே பதிய வேண்டும் என்று சொல்லுங்கள். தகவலுக்கு எண் போட்டு, எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. எண் வாங்காமல் கிளம்பாதீர்கள். திருப்பி அனுப்பினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்துவிட்டு, எஸ்.பி. (மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்) அலுவலகத்துக்குப் புகாரை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸுகளுக்கும் இதே நெருக்கடி. கர்ப்பப் பதிவுக்கு வந்த பெண்ணுக்கு ஆதாரில் பதினாறு. “19-னு போட்டுடுங்க சிஸ்டர்” என்று குடும்பமும் கேட்கும், சில இடங்களில் மேலதிகாரியும் கேட்பார். கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்குப் போக்சோவில் விலக்கு கிடையாது. வயதைத் திருத்தினால் பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதான். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது.

‘பொய்ப்புகார்னு உங்க மேலயே கேஸ் போடுவோம்’ என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு நிற்காது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வழக்கிலிருந்துதான். இடமாற்றத்தையோ வேலைநீக்கத்தையோ அது தானாக நிறுத்தாது. அதனால் யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றன்றே குறித்துவையுங்கள். ‘அமைதியா இருங்க’ என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். பிள்ளையின் பெயரை ஆசிரியர் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், அது தனிக் குற்றம். ராஜினாமா கடிதத்தை நீட்டினால் அந்த அறையில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.