நின்ற இதயத்தை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சை அழுத்தினால் இதயம் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அந்த அழுத்தம் பார்ப்பது வேறு வேலை. அது என்னவென்று புரிந்தால், நடுவில் கையை எடுக்காதே என்று ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள் என்பதும் புரியும்.

திடீரெனச் சரிந்து விழும் பெரியவர்கள் பலருக்கு முதல் சில நிமிடங்களில் இதயம் அசைவற்றுப் போயிருக்காது. கீழறைகளின் தசைநார்கள் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும். வடம் பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது இல்லையா, அந்த நிலைமைதான். ரத்தம் வெளியே போகாது, சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மாரடைப்பு இதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். நெஞ்சுவலியோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அவர் நெஞ்சை அழுத்தக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

விழுந்தவுடன் மூளைக்கு ரத்தம் போகாததால் கைகால் கொஞ்ச நேரம் வெட்டி இழுக்கலாம். நம் ஊரில் உடனே வலிப்பு என்று முடிவுகட்டி, கையில் கொடுக்கச் சாவிக்கொத்தைத் தேடுவார்கள். அப்புறம் அவர் வாயைத் திறந்து விட்டுவிட்டு மூச்சை இழுப்பார், குறட்டை போலச் சத்தம் வரும், மூச்சு இருக்கு என்று சுற்றி நிற்பவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். இந்த நிம்மதிதான் ஆளைக் கொல்கிறது. அது உயிர் காக்கும் மூச்சே இல்லை, ஆக்சிஜன் இல்லாத மூளைத்தண்டு தானாகச் செய்யும் அசைவு. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் அழுத்த ஆரம்பித்துவிடுங்கள், நாடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

1950-களின் கடைசியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், கூவன்ஹோவன் என்ற மின்பொறியாளரின் ஆய்வகத்தில் நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் ஒன்றைக் கவனித்தார். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கும் தட்டுகளை நாயின் மார்பில் அழுத்தி வைத்தபோதே, மின்சாரம் பாயும் முன்பே, ரத்த அழுத்தம் ஏறியது. அதுவரை நெஞ்சைக் கிழித்து இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டிருந்தார்கள். அறுவை மருத்துவர் ஜூடையும் சேர்த்து மூவரும் 1960-இல் வெளியிட்ட கட்டுரை, இதற்கு இரண்டு கைகள் போதும் என்றது.

நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இவ்வளவு சரியாகச் செய்தாலும் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் பாய்வது பெரும்பாலும் நாம் கையைத் தளர்த்தும் நொடியில்தான், அதனால் ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே வர விட வேண்டும். அந்தப் பாய்ச்சலுக்கான அழுத்தம் பல அமுக்குகளுக்குப் பிறகுதான் சேரும், கையை எடுத்தால் நொடிகளில் விழுந்துவிடும்.

சரி, இந்தக் கொஞ்ச ரத்தம் எதற்கு? ஷாக்கின் வேலை அந்தத் தாறுமாறான துடிப்பை மொத்தமாக அடக்குவது, அடங்கியபின் இதயத்தின் இயற்கையான தூண்டுமுனை தன் தாளத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தசையில் சக்தி மிச்சமிருக்க வேண்டும். ரத்தமே போகாவிட்டால் துடிப்பு மெலிந்து மெலிந்து ஈசிஜி திரையில் நேர்கோடாகிவிடும், நேர்கோட்டுக்கு ஷாக் பயன்படாது. அழுத்துகிற கைகள் அந்த நேர்கோட்டைத் தள்ளிப்போடுகின்றன. ஒன்றும் செய்யாமல் நின்றால் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, ஏஇடி என்கிற தானியங்கி ஷாக் கருவியையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-இல் வந்த முடிவு: பிறர் கண்ணெதிரே விழுந்து, 3 நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள், அதற்குமேல் தாமதமானவர்களில் 49 சதவீதம். காப்பாற்றியவர்கள் யாரும் டாக்டர் இல்லை. கருவியே துடிப்பைப் படித்து, தேவைப்பட்டால்தான் ஷாக் கொடுக்கும், தவறான ஆளுக்குக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஆம்புலன்ஸ் எவ்வளவு பறந்து வந்தாலும் 3 நிமிடத்தில் வருவது அரிது, அதனால் கல்யாண மண்டபம், பேருந்து நிலையம், பெரிய கோயில் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையே இல்லை.

விலா எலும்பு முறியலாம், முறிந்தாலும் நிறுத்த வேண்டாம், அது ஆறிவிடும். 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அழுத்துங்கள், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். களைத்த கை ஆழம் குறைந்ததை உணராது. திடீரென விழுந்த பெரியவருக்கு வாயில் ஊதத் தெரியாவிட்டால் அழுத்தம் மட்டும் போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் அப்படியில்லை, அவர்களுக்கு முதலில் தீர்ந்துபோனது காற்று, மூச்சையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.