பக்கவாட்டில் உதைத்தால்தான் முன்னால் போக முடியும்: தேமு செலானேயின் கால்கள்

1993 மார்ச் 2, கனடாவின் வின்னிபெக் நகரம், ஒரு பனி ஹாக்கி ஆட்டம். உயரமாகத் தூக்கி அடிக்கப்பட்ட பக் (பந்துக்குப் பதிலான தட்டையான ரப்பர் வட்டு) ஆளில்லாத இடத்தில் போய் விழுகிறது. எதிரணி கோல்கீப்பர் வலையை விட்டுவிட்டு அதை நோக்கிப் பாய்ந்து வருகிறார், இந்தப் பக்கமிருந்து 22 வயது பின்லாந்து இளைஞர் ஒருவர் வருகிறார். இளைஞர்தான் முந்தினார். ஒரே தட்டு, பக் வலைக்குள். அப்புறம் கையுறையைக் கழற்றி மேலே வீசி, மட்டையைத் துப்பாக்கி போலப் பிடித்து அதைச் 'சுட்டார்'. அந்த சீசனில் தேமு செலானே அடித்த 54வது கோல் அது. என்.எச்.எல். என்ற வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கில் முதல் சீசன் ஆடுபவர் அடித்த அதிக கோல்கள் என்று மைக் பாஸி 1978இல் வைத்த 53, அன்றைக்கு முறிந்தது. சீசன் முடிந்தபோது செலானேயின் கணக்கு 76. இன்றுவரை ஒரு புது வீரரும் அதை நெருங்கவில்லை.

எனக்கு அந்தக் கோலைவிட அதற்கு முந்தைய சில நொடிகள்தான் முக்கியம். வழுக்குகிற ஒரு தரையில் ஒரு மனிதன் எப்படி அவ்வளவு வேகம் எடுக்கிறான்?

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பதற்கே நம்மில் பலர் படித்த விடை சரியில்லை. சறுக்குக் காலணியான ஸ்கேட்டின் அடியில் இருக்கும் பிளேடின் அழுத்தத்தால் பனி உருகுகிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் பனியின் உருகுநிலை ஒரே ஒரு பாகை இறங்குவதற்குக் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 135 மடங்கு அழுத்தம் வேண்டும், ஹாக்கி அரங்கத்துப் பனியோ சுழியத்துக்கு ஐந்தாறு பாகை கீழே இருக்கிறது. சாதாரணச் செருப்போடு நடப்பவரும் அதில் வழுக்கி விழுகிறாரே! உண்மையில் பனியின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு மேல்பக்கம் பிடித்துக்கொள்ள அண்டை மூலக்கூறுகள் இல்லை, அதனால் அவை தளர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அதோடு பிளேடு உரசும் சூடும் சேர்ந்து வழுக்கலைக் கூட்டுகிறது.

பாசி பிடித்த படியில் வேகமாக நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னோக்கி உதைத்தால் கால்தான் பின்னால் போகும், ஆள் அங்கேயே இருப்பார். பிளேடும் நீளவாட்டில் அப்படியே வழுக்கிவிடும். ஆனால் அகலவாட்டில் வழுக்காது. ஸ்கேட்டைத் திருப்பிப் பாருங்கள்: சுமார் 3 மில்லிமீட்டர் அகலப் பிளேடின் அடிப்பகுதி தட்டையாக இருக்காது. மூங்கிலை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போல நடுவில் குழிவாகத் தீட்டியிருப்பார்கள். இரண்டு ஓரங்களிலும் கத்தி போன்ற விளிம்புகள். காலைச் சாய்த்தால் ஒரு விளிம்பு பனியைக் கவ்வும். அந்தப் பிடிமானத்தின் மேல் பக்கவாட்டில் உதைக்க வேண்டும், இன்னொரு கால் முன்னோக்கிச் சறுக்கும். முதல் மூன்று நான்கு எட்டுகள் மட்டும் பாதத்தை வெளிப்பக்கம் விரித்து, முன்பாதத்தில் ஓடுவது போலவே இருக்கும். வேகம் பிடித்ததும் ஒவ்வோர் உதையும் நீண்டுகொண்டே போகும். முழங்காலை எவ்வளவு மடக்கி இறங்கியிருக்கிறோமோ அவ்வளவு நீளமாக உதைக்கலாம், அவ்வளவு வேகமும் சேரும்.

அதாவது இந்த ஆளின் முதலீடே முழங்காலும் கணுக்காலும்தான். அடி விழுந்ததும் அங்கேதான்.

1994 ஜனவரியில் எதிரணி வீரர் ஒருவரின் ஸ்கேட் பிளேடு செலானேயின் குதிகால் தசைநாணை வெட்டியது. கெண்டைக்காலின் பலத்தைப் பாதத்துக்குக் கடத்தும் தடித்த நாண் அது. உதையின் கடைசிக் கட்டத்தில் பாதம் பனியைத் தள்ளுவது அதன் வழியாகத்தான். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆகவே ஆறுவது மெதுவாகத்தான். புதிதாக வரும் கொலாஜன் என்ற புரத இழைகள் முதலில் தாறுமாறாகப் பின்னிக்கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பளு கொடுக்கக் கொடுக்க, மாதக்கணக்கில், இழுக்கும் திசையில் வரிசைப்படும். 51 ஆட்டங்களில் 25 கோலோடு அவருடைய அந்த சீசன் முடிந்தது. அப்புறம் அனஹைம் அணிக்குப் போய் அடுத்தடுத்த சீசன்களில் 51, 52 என்று அடித்தார் என்றால், அந்த இழைகள் எவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்திருக்க வேண்டும்!

முழங்கால் இன்னும் கடினமான கதை. 2003-04 சீசனில் கொலராடோ அணிக்கு 78 ஆட்டம் ஆடி வெறும் 16 கோல். முழங்காலை ஆழமாக மடக்க முடியவில்லை என்றால் உதை குறுகிவிடும், அதே பலம் இருந்தாலும் வேகம் வராது. அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்களே கிடையாது, அழுந்தி விரியும்போது மூட்டுத் திரவத்திலிருந்துதான் ஊட்டம் உறிஞ்சுகிறது. அதனால் அவசரப்படுத்தவும் கூடாது, அசையாமல் கிடக்கவும் கூடாது. அந்தச் சமயம் பார்த்து 2004-05 சீசன் முழுவதையும் லீக் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நடந்த ஊதியத் தகராறு விழுங்கியது. மற்றவர்களுக்கு அது இழப்பு, செலானேயின் முழங்காலுக்கு ஒரு முழு வருட ஓய்வு. திரும்பி வந்து 40 கோல், அடுத்த சீசனில் 48, 2007 ஜூனில் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. அப்போது வயது 36.

இந்த விளையாட்டில் ஒருவர் ஒரு முறைக்குச் சுமார் 45 நொடிதான் களத்தில் இருப்பார், பிறகு மாற்று ஆள் வருவார். தசையில் தயாராக இருக்கும் உடனடி ஆற்றல் சேமிப்பான பாஸ்போகிரியேட்டின், முழுவேகத்தில் பத்து நொடி போல்தான் தாங்கும், பெஞ்சில் உட்காரும் நேரத்தில் அது மறுபடி நிரம்புகிறது. இந்த ஏற்பாடும் வயதான கால்களுக்குப் பெரிய உதவி.

2014இல் சோச்சி ஒலிம்பிக்ஸ், அவருக்கு ஆறாவது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பின்லாந்து அமெரிக்காவை 5-0 என்று வென்றது. அதில் இரண்டு கோல் செலானேயுடையவை, போட்டியின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. வயது 43.