திரிதடையம்: மூன்று கால், ஒரு சொல்

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலைக் கட்ட உட்காருபவருக்கு முதலில் வரும் சந்தேகம்: "வரைபடத்தில் இருக்கிற டிரான்சிஸ்டர் கிடைக்கவில்லை, வேறு எதைப் போடலாம்?" சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் ஜெர்மானியம் என்னும் குறைகடத்தித் துண்டு ஒன்றில், சிறு மின்சைகையைப் பெரிதாக்கும் இந்தக் கருவியை இயக்கிக் காட்டினார்கள். பெயர் வைக்க மறு ஆண்டு ஆய்வகத்துக்குள் வாக்கெடுப்பே நடந்தது. 'கிரிஸ்டல் டிரையோடு', 'அயோட்டாட்ரான்' எல்லாம் தோற்று, ஜான் பியர்ஸ் சொன்ன 'டிரான்சிஸ்டர்' வென்றது. முன்பாதி மாற்றிக் கடத்துவதைக் குறிக்கும். பின்பாதி ரெசிஸ்டர், தெர்மிஸ்டர் குடும்பத்து வால்.

தமிழில் திரிதடையம். தடையம் என்றால் ரெசிஸ்டர். ('தடயம்' என்று எழுதிவிட்டால் துப்பறியும் கதையாகிவிடும்.) மூன்று கால் இருப்பதால் 'திரி' என்பதை மூன்று என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். திரிதல், அதாவது மாறுதல், என்று கொள்வதே மூலப்பொருளுக்குப் பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்கள் ஒலிபெயர்ப்போடு நின்று 'திரான்சிற்றர்' என்கின்றன. நான் எழுதும்போது திரிதடையம் என்பேன். பேச்சில் டிரான்சிஸ்டர்தான் வாயில் வருகிறது.

இலக்கணப் புணர்ச்சியிலும் திரிதல் உண்டு. பொன்னோடு குடம் சேர்ந்தால் பொற்குடம்; மாலை சேர்ந்தால் பொன்மாலை, எழுத்து அப்படியே நிற்கும். பக்கத்தில் வருவது எது என்பதுதான் கணக்கு. டிரான்சிஸ்டரை மாற்றுவதும் இப்படித்தான்.

1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலில் முதலில் இருந்தவை என்.கே.டி. 275 என்னும் பி.என்.பி. வகை ஜெர்மானிய டிரான்சிஸ்டர்கள். பிறகு சிலிக்கானுக்கு மாறினார்கள். அந்தப் பழைய சுற்றில், மின்னோட்டத் திசை எதிராக உள்ள என்.பி.என். வகைச் சிலிக்கானைப் போட வேண்டுமானால் பேட்டரியின் திசையையும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் திசையையும் திருப்ப வேண்டும். டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் (பேஸ்) உமிழ்ப்பானுக்கும் (எமிட்டர்) இடையே ஜெர்மானியத்துக்கு 0.2 முதல் 0.3 வோல்ட் போதும், சிலிக்கானுக்கு 0.6க்கு மேல். ஆகவே பயாஸ், அதாவது சைகை இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் மின்னழுத்த நிலை, நகர்ந்துவிடும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் ஏற்பானில் (கலெக்டர்) 9 வோல்ட்டில் பாதி, சுமார் 4.5 வோல்ட், நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கிருக்கும் 8.2 கிலோ ஓம் தடையத்தை எடுத்துவிட்டு டிரிம்பாட் என்னும் திருகி மாற்றும் தடையத்தை வைத்துத் திருகுங்கள்.

டிரான்சிஸ்டரின் பெருக்கத்தை (கெயின்) அளக்கும்போதும் கவனம் வேண்டும். ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் உண்டு. மல்டிமீட்டர் அதையும் பெருக்கமாக எண்ணி 120 என்று காட்டும், உள்ளே இருப்பது 80ஆக இருக்கலாம். விரலால் பிடித்துச் சூடேற்றினாலே எண் ஏறும்.

எனக்கு ஒருமுறை சறுக்கியது இதில் எதிலும் இல்லை, காலில். பி.சி. 547 என்னும் டிரான்சிஸ்டருக்குப் பதில் 2 என் 3904ஐ அதே துளைகளில் சொருகினேன். ஒலி வந்தது, ஆனால் நோஞ்சானாக. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், முன்னதில் இடமிருந்து ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான். பின்னதில் அது தலைகீழ். கழற்றி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிச் சொருகினேன். பெடல் உறுமியது.