ஹெச்.பி. மட்டும் பார்த்து டிரைவ் வாங்கலாமா?

'30 ஹெச்.பி. மோட்டாருக்கு ஒரு டிரைவ் வேண்டும், விலை சொல்லுங்கள்.' எனக்கு வரும் விசாரணைகளில் பாதி இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். (டிரைவ் என்றால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி, வி.எஃப்.டி.) மோட்டார் எதை ஓட்டுகிறது, கேபிள் எவ்வளவு தூரம் போகிறது என்றெல்லாம் நாமே தோண்டித் துருவிக் கேட்க வேண்டும்.

டிரைவின் அளவை முடிவு செய்வது ஆம்பியர். ஒரே ஹெச்.பி.யில் 8 போல் (pole, காந்த முனை) மோட்டார் 4 போல் மோட்டாரைவிடப் பொதுவாக அதிக கரண்ட் இழுக்கும். எனவே நேம்பிளேட்டில் உள்ள முழு லோடு கரண்டைக் குறித்துக்கொண்டு, அதற்குக் குறையாத அவுட்புட் கரண்ட் உள்ள டிரைவாகப் பாருங்கள்.

அப்புறம் லோடு. பெரும்பாலான ஃபேன்களும் சென்ட்ரிஃபியூகல் பம்புகளும் சாது. ஃபேன் வேகத்தை 80 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் தேவைப்படும் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும். மின்சாரம் மிச்சமாகும் என்ற விளம்பரம் இங்கே நிஜம்தான். கன்வேயர், எக்ஸ்ட்ரூடர் போன்றவை அப்படியல்ல. மெதுவாக ஓடும்போதும் முழு டார்க் (சுழற்றும் விசை) கேட்கும். கேட்டலாகில் ஒரே டிரைவுக்கு இரண்டு ரேட்டிங் போட்டிருப்பார்கள்: நார்மல் டியூட்டி என்றால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு 110 சதவீத ஓவர்லோடு, ஹெவி டியூட்டி என்றால் 150. கொட்டேஷனில் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், எந்த ரேட்டிங்கை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று, வேகம் குறைந்தால் மோட்டாரின் பின்பக்க ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். முழு டார்க்கில் 15 ஹெர்ட்ஸில் நாள் முழுக்க ஓட்டுவதாக இருந்தால் தனி கூலிங் ஃபேன் தேவைப்படலாம்.

அதிகம் கோட்டைவிடுவது கேபிளில்தான். 415 வோல்ட் சப்ளையில் டிரைவின் டிசி பஸ் (உள்ளே ஏசியை டிசியாக மாற்றி வைத்திருக்கும் பகுதி) சுமார் 585 வோல்ட் இருக்கும். டிரைவ் அனுப்பும் கூர்மையான பல்ஸ்கள் நீளமான கேபிளில் போய் மோட்டார் முனையில் எதிரொலிக்கும்போது, உச்ச வோல்டேஜ் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 1,100 வோல்ட்டைத் தாண்டலாம். டிரைவில் ஓட்டுவதற்கென்றே செய்த இன்வெர்ட்டர் டியூட்டி மோட்டார் இதைத் தாங்கும். பழைய மோட்டாரின் வைண்டிங் இன்சுலேஷன் சில மாதங்களில் போனாலும் ஆச்சரியமில்லை. பழி வைண்டிங் செய்தவர் மேல் விழும். தூரம் அதிகமென்றால், பல்ஸ்களின் கூர்மையைக் குறைக்கும் அவுட்புட் சோக் அல்லது டிவி-டிடி (dv/dt) ஃபில்டரையும் முதல் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள். எத்தனை மீட்டர் வரை தேவையில்லை என்பது டிரைவுக்கு டிரைவ் மாறும், மேனுவலில் இருக்கும். ஷீல்டு கேபிளாகப் போட்டு, ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்யுங்கள். பெரிய மோட்டார்களில் ஷாஃப்ட் வழியாகப் பாயும் கரண்ட் பேரிங்கில் வரிவரியாகத் தடம் போட்டுவிடும். அங்கே பின்பக்கம் இன்சுலேட்டட் பேரிங் கேளுங்கள்.

பேனலைப் பற்றிச் சுருக்கமாக: 100 கிலோவாட் டிரைவ் 2 முதல் 3 கிலோவாட் வரை வெப்பமாகவே வெளிவிடும். தூசிக்குப் பயந்து காற்று வழியை அடைத்தால் டிரைவ் மதியத்தில் ட்ரிப் ஆகும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் கூடவே கூடாது. நேரடி ஸ்டார்ட்டர் காலத்தில் மோட்டார் முனையில் மாட்டியது அப்படியே கிடக்கும், தேடிக் கழற்றுங்கள்.

மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுவதற்கு முன் மோட்டார் கேபிளை டிரைவிலிருந்து கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் டெஸ்ட் வோல்டேஜ் டிரைவின் உள்ளே போய்விடும். சப்ளையை நிறுத்தியதும் கை வைக்காதீர்கள். மேனுவல் சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, டிசி பஸ்ஸை மீட்டரில் அளந்து பார்த்த பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.