சீட்டில் ‘இந்திக்காரப் பையன்’

காரைக்குடியில் நான் பார்க்கும் நோயாளி ஒருவரின் ஓபி சீட்டில், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘இந்திக்காரப் பையன்’ என்று எழுதியிருந்தது. வயது 24. ஊர் ஒடிசா. பேசுவது ஒடியா, இந்தியே அவருக்கு அரைகுறைதான். மூன்று வாரமாக இருமல். எழுதியவரைக் கேட்டேன். “பேரு வாய்ல நுழையல டாக்டர்” என்றார். நடக்கமுடியாத முதியவர்களைக் கைபிடித்து உட்காரவைக்கும் நல்ல மனிதர் அவர்.

சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை எடுக்கவேண்டும். நடுவில் விட்டால் மருந்துக்கே அடங்காத கிருமியாக மாறலாம். இவரோ இந்த மாதம் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, அடுத்த மாதம் ஒப்பந்தக்காரர் கைகாட்டும் ஊர். நிக்‌ஷய் என்னும் அரசின் காசநோய் இணையதளத்தில் பதிவு இருந்தால் எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் மாத்திரையைத் தொடரலாம், சத்தான உணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பெயர் தவறினால் இரண்டுக்கும் சிக்கல். மருந்து நின்றபிறகு நாமே சொல்வோம், “இவங்க சொன்னா எங்க கேக்குறாங்க?” என்று.

அவர் தங்கியிருந்தது தகரக் கொட்டகையில், பத்துப் பேரோடு. காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வசதி வேண்டாம். ஒப்பந்தக்காரர் தங்குமிடமும் இலவச மருத்துவமும் தரவேண்டும் என்று 1979லேயே சட்டம் வந்தது. தனியாக வீடு கேட்டால் “வடக்கத்தியாளுக்கு விடுறதில்ல” என்று கதவடைக்கிறோம். அப்புறம், அவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்கிறோம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

என்னிடம் சர்க்கரைக்கு வரும் ஆச்சி ஒருவர் அடிக்கடி சொல்வார், “எங்க அப்பச்சி 1942ல பர்மாவுலேருந்து நடந்தே வந்தாக.” வணிகம் செய்யப் போனவர், கூலிக்குப் போனவர் என்று பாராமல் நம்மவர்களை அங்கே இழிவாக ‘கலா’ என்றார்கள். மலாயாவில் ‘கெலிங்’. இலங்கை மலையகத்தாரைத் ‘தோட்டக்காட்டான்’ என்றவர்களில் தமிழர்களும் உண்டு. ஆச்சி வீட்டுத் தூண்கள் பர்மாத் தேக்கு. பின்கட்டு பூட்டியே கிடக்கிறது. வடக்கத்தியாளுக்கு விடமாட்டார்.

அன்று சீட்டில் இருந்ததை அடித்துவிட்டு, ஆதாரில் இருந்தபடி அவர் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினோம். ஒடியா தெரிந்த மேஸ்திரியைப் போனில் பிடித்து, மாத்திரை எடுக்கும் முறையைச் சொல்லவைத்தோம். நான்கு மாதம் கழித்து அந்த இளைஞரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: கோவையில் வாங்கிய மாத்திரை அட்டை, அன்றைய மாத்திரை பிரித்த குழியோடு.