இம்பிளான்ட்: பதித்தலும் பதிதலும்

எலும்பு மருத்துவர் ‘இம்பிளான்ட்’ என்று சொன்னால், உடம்புக்குள் நெடுநாள் இருக்கும்படி வைக்கும் செயற்கைப் பொருளைக் குறிக்கிறார். இடுப்பு மூட்டுக்கு வைக்கும் உலோகத் தண்டு, பந்து, கிண்ணம் எல்லாம் இதில் அடங்கும்.

சொல் பிறந்த இடம் தோட்டம். லத்தீனில் ‘பிளான்டா’ என்றால் நடுவதற்கான இளந்தண்டு, ‘பிளான்டாரே’ என்றால் நடுதல். ‘உள்ளே’ என்னும் பொருள் தரும் ‘இன்’ முன்னால் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

தமிழில் பலரும் ‘உள்வைப்பு’ என்று எழுதுகிறோம். தவறில்லை, பேச்சிலும் ‘உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள்’ என்றுதானே சொல்கிறோம். ஆனால் வைத்தது நிலைத்ததா என்பது அந்தச் சொல்லில் இல்லை. செயற்கை மூட்டின் ஆயுளோ பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அதனால் நான் ‘பதியம்’ என்பேன்.

‘பதி’ என்ற வினைக்கு இரண்டு முகம். மருத்துவர் பதிக்கிறார், அது ஒரு நாள் வேலை. அப்புறம் அது பதிய வேண்டும், அதைச் செய்வது எலும்பு. எலும்போடு பிடித்து நிறுத்தும் சிமென்ட் இல்லாமல் பொருத்தும் டைட்டானியத் தண்டின் மேற்பரப்பைக் கவனியுங்கள்: சில நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்தில் நுண்துளைகள். அவற்றுக்குள் புது எலும்பு வளர்ந்து இறுகப் பிடிக்கிறது. தொடக்க வாரங்களில் தண்டு சுமார் 150 மைக்ரானுக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். நட்ட குச்சியை ஆட்டிக்கொண்டே இருந்தால் வேர் பிடிக்காது என்று தோட்டக்காரர் சொல்வதும் இதைத்தான்.

வேர் பிடித்த பதியத்துக்கும் எதிரி உண்டு: தேய்மானம். இங்கிலாந்தில் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன. 1962இல் அவர் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார், ஆயுள் வெகுவாகக் கூடியது. ஆனாலும் அதிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை விழுங்கும் வெள்ளணுக்கள் அழற்சியைக் கிளப்பிவிட, பக்கத்து எலும்பு கரைந்து, பதியம் தளரும். இப்போது கதிர்வீச்சால் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, தேய்மானத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறார்கள்.

சரி, பயன்படுத்திப் பார்ப்போம்: ‘இடுப்பு மூட்டுப் பதியம்’, ‘பதியம் நன்றாகப் பிடித்திருக்கிறது’, ‘பதியம் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்’. ஒருவரின் உறுப்பை இன்னொருவருக்குப் பொருத்துவது ‘மாற்று’, எலும்புத் துண்டையோ தோலையோ எடுத்து வைப்பது ‘ஒட்டு’. அவற்றோடு இதைக் குழப்ப வேண்டாம்.