பெரிய நேக்கட் பைக்கில் முன் சக்கரத்தின் எடை எங்கே போகிறது?

"அண்ணே, 110ஐத் தாண்டினாலே ஹேண்டில் உதறுதுண்ணே."

ஆயிரம் சிசி நேக்கட் பைக், அதாவது பிளாஸ்டிக் மூடி இல்லாமல் இன்ஜின் வெளியே தெரியும் வண்டி, வைத்திருப்பவர்களில் பலர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் என் பட்டறைக்குள் நுழைகிறார்கள். அண்மையில் வந்த தம்பியும் அதைத்தான் சொன்னார். வண்டி தயாரிப்பிலேயே ஏதோ கோளாறு என்று முடிவுகட்டியிருந்தார். சுற்றி வந்து பார்த்தேன். ஹேண்டில்பாரை உயர்த்த ரைசர் போட்டிருந்தார். காற்றைத் தடுக்க ஒரு விண்ட்ஷீல்டை அதே ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தார். பின்னால், டெயில் லைட்டையும் தாண்டி நீட்டிக்கொண்டு ஒரு பெட்டி, அது நிறையச் சாமான். எல்லாம் சௌகரியத்துக்காகச் செய்ததுதான். ரைசரும் பெட்டியும் முன் சக்கரத்தின் மேலிருந்த எடையைக் குறைத்திருந்தன. விண்ட்ஷீல்டு, காற்றின் ஆட்டத்தை நேராக ஸ்டீயரிங்கில் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தது.

ஸ்போர்ட்ஸ் பைக்கின் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் நேக்கட் பைக், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தொடக்கம் அப்படித்தான். விழுந்து உடைந்த ஃபேரிங்கை, அதாவது அந்த பிளாஸ்டிக் மூடியை, மாற்றக் காசில்லாதவர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, உயரமான ஹேண்டில்பாரை மாட்டி ஓட்டினார்கள். 1992இல் கொலோன் கண்காட்சியில் டுகாட்டி காட்டிய எம்900 மான்ஸ்டர்கூட, கையில் இருந்ததை வைத்துச் சேர்த்த வண்டிதான். 851, 888 சூப்பர்பைக்குகளின் வழியில் வந்த குழாய் ஃபிரேமில், 900 சூப்பர்ஸ்போர்ட்டின் 904 சிசி ஏர்கூல்டு இன்ஜினை உட்கார வைத்தார் அதன் வடிவமைப்பாளர் மிகேல் கலுட்ஸி. ஆனால் அந்த இன்ஜின் 80 குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை. இன்று கவாஸாகி இசட் எச்2, 998 சிசி இன்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்து 200 பிஎஸ், அதாவது கிட்டத்தட்ட 200 குதிரைத்திறன், தருகிறது. இந்த அளவு சக்திக்கு பிளாஸ்டிக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. முன் சக்கரத்தைத் தரையில் வைத்திருக்கத் தனியாக வேலை செய்ய வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 205 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, மொத்தம் 280. நின்ற நிலையில் இதில் ஏறக்குறைய பாதி, அதாவது 135, 140 கிலோ முன் சக்கரத்தின் மேல் இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 145 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் உடலோடு 10 செ.மீ. பின்னால் தள்ளி உட்கார்ந்தாலே முன் சக்கரம் 5 கிலோவை இழந்துவிடும்.

இது சின்ன விஷயம். காற்றுதான் பெரிது. நிமிர்ந்து உட்கார்ந்து 100 கி.மீ. வேகத்தில் போனால், காற்று உங்களையும் வண்டியையும் சுமார் 28 கிலோ பாரத்துக்குச் சமமாகப் பின்னால் தள்ளும். அந்தத் தள்ளல் தரையில் விழுவதில்லை, நெஞ்சு உயரத்தில் விழுகிறது. அதனால் முன் சக்கரத்திலிருந்து 15 முதல் 20 கிலோ வரை பின் சக்கரத்துக்குப் போய்விடும். 140இல் இதுவே இரண்டு மடங்கு. 200இல் நான்கு மடங்கு, ஏனென்றால் காற்றின் தள்ளல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதாவது 200இல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும்போதே முன் சக்கரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காணாமல் போயிருக்கும். ரைசர் போட்டு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று வாங்கும் பரப்பும் கூடும், உயரமும் கூடும். தம்பியின் வண்டியில் நடந்தது இதுதான்.

அப்புறம் டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. ஆயிரம் சிசி இன்ஜின் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால், முதல் கியரில் அது சுமார் 10 மடங்காகிப் பின் சக்கரத்துக்கு வரும். டயர் தரையைத் தள்ளும் விசை 320 கிலோ பாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வண்டியும் ஆளும் சேர்ந்தே 280 கிலோதான். கிளட்சைத் தொடவே வேண்டாம், ஆக்சிலேட்டரை முறுக்கினாலே முன் சக்கரம் எழும்பிவிடும். அதுவும் நேக்கட் பைக்கின் இன்ஜினைக் குறைந்த, நடு ஆர்பிஎம்மில் நல்ல இழுப்பு வரும்படி டியூன் செய்திருப்பார்கள். சாலையில் அந்த இழுப்புதான் சுகம். அதே இழுப்புதான் வளைவிலிருந்து வெளியே வரும்போது முன் டயரை லேசாக்குகிறது.

இதையெல்லாம் தெரிந்துதான் வடிவமைக்கிறார்கள். இன்ஜினை முடிந்தவரை முன்னால் தள்ளி வைக்க வேண்டும், பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்ம் நீளமாக இருக்க வேண்டும், ஆனால் மொத்த நீளம் கூடக் கூடாது. 1998இல் யமஹா ஆர்1 வந்தபோது கியர்பாக்ஸ் ஷாஃப்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இன்ஜினையே குட்டையாக்கினார்கள். மிச்சமான இடத்தை நீளமான ஸ்விங்ஆர்முக்குக் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வுகளில் அது ஒன்று. டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4 இருபக்கமும் இறக்கை வைத்துக்கொண்டு வந்ததும் முன் சக்கரத்தை அழுத்தத்தான்.

ஸ்விங்ஆர்மின் சாய்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். வண்டியைப் பக்கவாட்டில் பாருங்கள், ஸ்விங்ஆர்ம் பின்பக்கம் சற்றுக் கீழே சரிந்து இருக்கும். முடுக்கும்போது செயின் இழுப்பும் அந்தச் சரிவும் சேர்ந்து பின்பக்கம் அமுங்காமல் தாங்கிக்கொள்ளும். பின் ஷாக் அப்சார்பர் தளர்ந்து போனாலோ, பெட்டியில் பாரம் ஏறினாலோ ஸ்விங்ஆர்ம் மட்டமாகிவிடும், தாங்கலும் போய்விடும். முறுக்க முறுக்கப் பின்பக்கம் உட்காரும், முன்பக்கம் இன்னும் லேசாகும்.

"வீலிங் கன்ட்ரோல் இருக்கே அண்ணே?" என்று தம்பி கேட்டார். முன் சக்கரம் எழும்பாமல் தடுக்கும் அந்த ஏற்பாடு இருக்கிறது, அது அருமையான விஷயமும்கூட. வண்டி எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று சென்சார் நொடிக்கு நொடி அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் இன்ஜின் சக்தியைக் குறைக்கிறது. ஆனால் அதன் கையில் இருப்பது சக்தி மட்டும்தான். காற்று திருடிய எடையை அதனால் திருப்பித் தர முடியாது. கோன்செட் தேய்ந்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

கோன்செட் என்று நாங்கள் சொல்வது ஸ்டீயரிங் பேரிங்கை. தம்பியின் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி நிறுத்தினேன். இரண்டு விரலால் ஹேண்டில்பாரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பச் சொன்னேன். நேர் நிலைக்கு வரும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல 'டக்' என்று பிடித்தது. அவர் முகம் மாறிவிட்டது. நேராகப் போகும்போதே பேரிங் ஒரே இடத்தில் குத்துப்பட்டுக் குழி விழுந்திருந்தது. அடுத்து முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். லேசான ஆட்டம் இருந்தது. முன் சக்கரத்தின் மேல் போதிய எடை இருக்கும்போது இந்தத் தேய்மானம் வெளியே தெரியாது. எடை போனதும், சாலையில் ஒரு சின்ன மேடு போதும், உதறல் ஆரம்பித்துவிடும்.

பின் சஸ்பென்ஷனையும் அளந்தோம். சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி வரை ஓர் அளவு. ஓட்டும் உடையோடு அவர் ஏறி உட்கார்ந்ததும் இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக 30 முதல் 40 மி.மீ. இருந்தால் நல்லது. பெட்டியோடு அவருக்கு 56 வந்தது. பெரிய பைக் வாங்கியவர்கள் இந்த அளவை ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். ஒரு டேப்பும் கூட ஓர் ஆளும் போதும். முன் டயர் காற்றும் கம்பெனி சொன்னதைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

ஓடும்போதே உதறல் வந்தால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கை இறுகினால் உங்கள் உடம்பின் ஆட்டமும் ஸ்டீயரிங்கில் சேர்ந்துகொள்ளும். முழங்காலால் டேங்கை நன்றாக நெருக்கிப் பிடித்து, முழங்கையை மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்சிலேட்டரைப் பதறாமல் குறையுங்கள். முன் பிரேக்கை அடிக்கவே கூடாது. சாதாரணமாக ஓட்டும்போதும் இதே பழக்கம் இருக்கட்டும். காற்று தள்ளும்போது பிடித்துத் தொங்கும் கம்பியாக ஹேண்டில்பாரை ஆக்கிவிடாதீர்கள்.

அந்த வண்டிக்குக் கோன்செட் புதிதாகப் போட்டேன். பின் ஸ்பிரிங்கை இறுக்கி 37 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். பெட்டியைக் கழற்றிவிட்டு, பின்சீட்டின் மேல் கட்டும் பையாக மாற்றிக்கொண்டார். ரைசரை எடுத்துவிட்டோம். விண்ட்ஷீல்டு மட்டும் வேண்டும் என்று கேட்டார், அது நியாயமான ஆசை. அதை ஹேண்டில்பாரிலிருந்து கழற்றி, ஸ்டீயரிங்கோடு திரும்பாதபடி ஃபிரேமிலிருந்து வரும் பிராக்கெட்டில் மாட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஆயில் மாற்ற வந்தார். ஹேண்டிலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானாகக் கேட்ட பிறகுதான், "அதுவா, மறந்தே போச்சுண்ணே" என்றார்.